ஏ ப்ளூஸ் ஸ்கேல்: ஆறு சுரம், பன்னிரண்டு பார், ஆறு ஆவர்த்தனம்

கிட்டாரின் மூன்றாம் கம்பி, ஏழாவது ஃப்ரெட் (நெக் எனப்படும் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை). அங்கே இருக்கும் டி சுரத்தை மோதிர விரலால் மேலே தள்ளி ஈ-யில் நிறுத்த வேண்டும். ட்யூனர் முள் நடுவில் நிற்க வேண்டும். பேக்கிங் ட்ராக் (கூடவே ஓடும் பின்னணிப் பதிவு) ஈ7 கார்டுக்கு மாறும் முதல் தட்டிலேயே அது நடக்க வேண்டும். இந்த மூன்றும் ஒன்றாகக் கூடி வந்த பிறகு எழுதும் பதிவு இது. ப்ளூஸ் ஸ்கேலின் வடிவம் விரலில் ஏற ஒரு வாரம் போதும். அதற்குப் பிறகும் வாசிப்பு வெறும் ஸ்கேல் பயிற்சியாகவே கேட்டுக்கொண்டிருந்தால் காரணம் பெரும்பாலும் இரண்டுதான்: பெண்ட் (கம்பியைத் தள்ளிச் சுருதி ஏற்றுவது) சுருதி சேரவில்லை, பன்னிரண்டு பாருக்குள் (ஒரு பாருக்கு நான்கு தட்டு) எங்கே இருக்கிறோம் என்பது தெரியவில்லை. உழைப்பில் பெரும்பங்கு இந்த இரண்டுக்கும் போக வேண்டும்.

முதலில் கிட்டார். சென்னையில் பலரும் அக்கூஸ்டிக்கில் தொடங்கி, அதிலேயே லீட் வாசிக்கப் பார்க்கிறார்கள். அக்கூஸ்டிக் செட்டுகளில் மூன்றாம் கம்பி பெரும்பாலும் மேலே சுருள் சுற்றிய கம்பி. அதை முழு சுரம் இழுக்க விரல் வலிமை எவ்வளவு இருந்தாலும் சிரமம். எலெக்ட்ரிக் கிட்டார், 09-42 செட் (மெல்லிய கம்பி 0.009, கனத்த கம்பி 0.042 அங்குலம்), சுற்றில்லாத மூன்றாம் கம்பி: இதிலிருந்து தொடங்குவதே சரி. செட் ஒன்று சுமார் 500 முதல் 800 ரூபாய். 10-46 செட்டில் ஒலி கொஞ்சம் கனமாக வரும், ஆனால் பெண்ட் கைவராத நிலையில் அந்தக் கனத்தால் லாபம் இல்லை.

விலை குறைந்த எலெக்ட்ரிக் கிட்டார்களில் பலவும் ட்ரெமலோ பிரிட்ஜுடன் (கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும், ஆட்டக்கூடிய பாகம்) வருகின்றன. பிரிட்ஜ் உடலை ஒட்டாமல் மிதந்துகொண்டிருந்தால் ஒரு கம்பியை இழுக்கும்போது பிரிட்ஜ் முன்பக்கம் சாயும், மற்ற ஐந்து கம்பிகளும் சுருதி இறங்கும். இரண்டு கம்பியைச் சேர்த்து அடித்து பெண்டைச் சரிபார்க்க இந்தக் கிட்டார் உதவவே உதவாது. சரிசெய்வது எளிது. கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். பின்பக்க பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் ஸ்ப்ரிங்குகளும், அவற்றைப் பிடித்திருக்கும் தகட்டின் இரண்டு திருகுகளும் தெரியும். மூன்று ஸ்ப்ரிங் இருந்தால் ஐந்தாக்கி, இரண்டு திருகையும் சமமாக முறுக்கினால் பிரிட்ஜ் உடலோடு ஒட்டி உட்காரும். பிறகு ட்ரெமலோ கைப்பிடியை மேலே இழுத்து வாசிக்க முடியாது, இந்தக் கட்டத்தில் அது தேவையும் இல்லை.

பிரிட்ஜ் வேலை முடிந்த பிறகுதான் கம்பி உயரத்தை அளக்க வேண்டும். பிரிட்ஜ் உட்கார்ந்ததும் கம்பிகளும் இறங்கிவிடும் என்பதால், முதலில் அளந்து வைத்தால் அதே வேலையை இன்னொரு முறை செய்ய வேண்டிவரும். அரை மி.மீ. கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேலை 12-வது ஃப்ரெட்டின் மேல் நிறுத்தி, ஃப்ரெட்டின் உச்சிக்கும் கம்பியின் அடிப்பாகத்துக்கும் இடையே பாருங்கள். ஆறாம் கம்பி 2 மி.மீ., முதல் கம்பி 1.6 மி.மீ. அளவில் இருந்தால் வாசிக்க வசதி. சேடிலை (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் துண்டு) ஏற்றி இறக்கப் பெரும்பாலான ஆசியத் தயாரிப்புகளுக்கு 1.5 மி.மீ. ஆலன் கீ பொருந்தும்.

நெக் வளைவையும் பார்த்துவிடுங்கள். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்), நெக் உடலோடு சேரும் இடத்தில் ஒரு விரல், இப்படி ஆறாம் கம்பியை அழுத்திக்கொண்டால் 7-வது, 8-வது ஃப்ரெட்டுகளுக்கு மேலே சுமார் 0.25 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். இதற்குத் தேவை ஃபீலர் கேஜ். இசைக்கருவிக் கடையில் தேடி அலைய வேண்டாம். பைக் மெக்கானிக்குகள் டேப்பெட் சரிசெய்ய வைத்திருப்பதே இதுதான், ஜி.பி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கிடைக்கும். அளவு தப்பியிருந்தால் நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருப்பாதீர்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் பின்பும் இந்த இடைவெளி மாறக்கூடும், ஏசி அறையில் இருந்த கிட்டார் வெளி அறைக்கு வந்தாலும் அப்படியே.

நட்டில் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் துண்டு) உள்ள பள்ளங்களில் 2பி பென்சிலைத் தேய்த்து கரி ஏற்றுங்கள். பெண்டை விட்ட பிறகு மூன்றாம் கம்பி சுருதிக்குத் திரும்பாமல் போவதற்கு முக்கியக் காரணம் அது நட் பள்ளத்தில் சிக்கிக்கொள்வது. ட்யூன் செய்யும்போது 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தால் அந்தக் கம்பி சிக்குகிறது என்று அர்த்தம். புதுக் கம்பியை மாட்டியதும் விரலால் மெல்ல இழுத்துவிட்டு ட்யூன் செய்வது, மறுபடி இழுப்பது, மறுபடி ட்யூன் செய்வது என்று சுருதி இறங்குவது நிற்கும் வரை செய்ய வேண்டும்.

இனி ஸ்கேல். ஏ மைனர் பென்டடானிக்கில் ஐந்து சுரம்: ஏ, சி, டி, ஈ, ஜி. ஏ-வை ஆதார சட்ஜமாக வைத்தால் ச க2 ம1 ப நி2. சுத்த தன்யாசியின் சுரங்களேதான். இதோடு ஈ ஃப்ளாட் சேர்ந்தால் ப்ளூஸ் ஸ்கேல். நம் கணக்கில் அது பிரதி மத்தியமம். ஐந்தாவது ஃப்ரெட்டில் வடிவம் இப்படி (6 கனத்த கம்பி, 1 மெல்லியது, எதிரே இருப்பவை ஃப்ரெட் எண்கள்):

6-ஆம் கம்பி: 5, 8
5-ஆம் கம்பி: 5, 6, 7
4-ஆம் கம்பி: 5, 7
3-ஆம் கம்பி: 5, 7, 8
2-ஆம் கம்பி: 5, 8
1-ஆம் கம்பி: 5, 8

ஆள்காட்டி விரலுக்கு 5, நடுவிரலுக்கு 6, மோதிர விரலுக்கு 7, சுண்டு விரலுக்கு 8. முதல் இரண்டு கம்பிகளில் 8-ஐ மோதிர விரலால் பிடித்துப் பழகுவது நல்லது, அங்கேயும் பெண்ட் வரும், சுண்டு விரலுக்கு அந்தப் பலம் கிடையாது. ஏ இருக்கும் மூன்று இடங்களை முதலில் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கத் தெரிய வேண்டும்: ஆறாம் கம்பி 5, நாலாம் கம்பி 7, முதல் கம்பி 5. ஈ ஃப்ளாட் இரண்டே இடத்தில்: ஐந்தாம் கம்பி 6, மூன்றாம் கம்பி 8.

போனில் தம்புரா செயலி இருக்கும் வீடுகள் இங்கே நிறைய. அதை 6 கட்டைக்கு வையுங்கள், 6 கட்டை என்பது ஏ. பஞ்சம சுருதியோடு ஓடவிட்டு ஒவ்வொரு சுரமாக நிறுத்தி வாசித்தால், மெட்ரோனோமோடு ஓட்டிப் பழகும்போது காதில் விழாதது விழும். எது நிம்மதியாக நிற்கிறது, எது அடுத்த இடத்துக்குப் போகத் துடிக்கிறது என்பது தெரியும். ஈ ஃப்ளாட்டில் நின்று பாருங்கள், பஞ்சமத்தோடு அது உரசும். டி - ஈ ஃப்ளாட் - ஈ என்று ஏறும்போதும், ஈ - ஈ ஃப்ளாட் - டி என்று இறங்கும்போதும் அது கடந்துபோகும் சுரம். இரண்டு மத்தியமமும் அடுத்தடுத்து வருவது கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாதது. அதனால் சிலர் ஈ ஃப்ளாட்டை ஒதுக்கிவிடுகிறார்கள், சிலர் 'ப்ளூஸ் சுரம் இதுதானே' என்று அதிலேயே நிற்கிறார்கள். இரண்டாவது வகையில் காது சீக்கிரம் சலித்துப்போகும். ஒரு சொற்றொடருக்கு ஒருமுறை தொட்டுப் போனால் போதும்.

இனி பெண்ட். நேரம் அதிகம் பிடிப்பதும் அந்த நேரத்துக்கு மிக நல்ல பலன் தருவதும் இதுதான்.

மூன்றாம் கம்பி 7-வது ஃப்ரெட்டில் மோதிர விரல். அதே கம்பியில் 6-இல் நடுவிரல், 5-இல் ஆள்காட்டி. மூன்று விரலும் சேர்ந்துதான் தள்ள வேண்டும். கட்டைவிரல் நெக்கின் மேல் விளிம்பைத் தாண்டி வெளியே வந்து பிடிக்க வேண்டும். ஆள்காட்டி விரலின் அடிக்கணு நெக்கின் கீழ் விளிம்பில் ஊன்றியிருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே மணிக்கட்டு, பூட்டில் சாவியைத் திருப்புவது போலத் திரும்பினால் கம்பி மேலே போகும். விரல்கள் மடங்கியபடியே இருக்கும், தனியாக நீளாது. விரலை மட்டும் நீட்டித் தள்ளினால் பாதி வழியில் பலம் தீர்ந்துவிடும், சுருதி ஈ ஃப்ளாட்டுக்கும் ஈ-க்கும் நடுவே தொங்கும். பயிற்சியில் இருப்பவர்களின் பெண்ட் தட்டையாகக் கேட்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

அளவு இப்படி. 7-வது ஃப்ரெட்டில் டி 293.66 ஹெர்ட்ஸ், ஈ ஃப்ளாட் 311.13, ஈ 329.63. முழு பெண்ட் 200 சென்ட் (ஒரு ஃப்ரெட் தூரம் 100 சென்ட்). போன் ட்யூனரில் 190-க்கும் 205-க்கும் இடையே நின்றால் காதுக்குச் சரி. ஆனால் முள்ளைப் பார்த்துக்கொண்டே இழுத்துப் பழகினால் கண்தான் பழகும், காது பழகாது. முதலில் இரண்டாம் கம்பி 5-வது ஃப்ரெட்டை வாசியுங்கள், அதுவும் அதே 329.63 ஹெர்ட்ஸ் ஈ-தான். அந்தச் சுரத்தை வாயால் பாடுங்கள். பிறகு மூன்றாம் கம்பியை அதற்கு இழுங்கள். கடைசியாக மட்டும் ட்யூனரைப் பாருங்கள்.

அடுத்தபடியாக இரண்டையும் ஒன்றாக அடிக்கலாம். ஆள்காட்டி விரல் இரண்டாம் கம்பி 5-இல் இருக்க, மோதிர விரலும் நடுவிரலும் மூன்றாம் கம்பியைத் தள்ளும். சுருதி நெருங்கும்போது இரண்டு ஒலிக்கும் நடுவே ஓர் அலைவு கேட்கும். இரண்டு ஹெர்ட்ஸ் வித்தியாசம் இருந்தால் நொடிக்கு இரண்டு அலை. நெருங்க நெருங்க அது மெதுவாகி, சேர்ந்ததும் நின்றுவிடும். அலைவு நிற்கும் அந்த இடத்தில் கையில் எவ்வளவு இழுவிசை இருக்கிறது என்பதைக் கை ஞாபகம் வைத்துக்கொள்ளும். அந்த ஞாபகம்தான் மொத்தப் பயிற்சியின் பலன்.

அதே இடத்தில் அரை பெண்டும் பழக வேண்டும்: டி-யிலிருந்து ஈ ஃப்ளாட், சரிபார்க்க அதே கம்பியின் 8-வது ஃப்ரெட். பிறகு இரண்டாம் கம்பி 8-வது ஃப்ரெட்டில் ஜி-யை ஏ-வுக்கு, சரிபார்க்க முதல் கம்பி 5. மூன்றாவது ஒரு வகையும் இருக்கிறது, அதற்கு முழு இலக்கு கிடையாது. மூன்றாம் கம்பி 5-இல் இருக்கும் சி-யை ஆள்காட்டி விரலால் தரைப்பக்கமாக லேசாக இழுப்பது. 30 முதல் 50 சென்ட். சி ஷார்ப்பை எட்டக்கூடாது. ஏ7-இல் சி ஷார்ப் இருக்கிறது, நம் ஸ்கேலில் சி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் அந்தச் சுரத்தில்தான் ப்ளூஸின் உயிர் இருக்கிறது என்று சொல்வேன். காந்தாரத்தை அசைத்துப் பாடிக் கேட்டவர்களுக்கு இதன் சுவை உடனே பிடிபடும், வீணைக் கம்பியை இழுத்துக் கமகம் வாசித்தவர்களுக்குக் கையும் பழகியே இருக்கும். ஆனால் கமகம் போலத் தொடர்ந்து ஆட்டக்கூடாது. ஒரே ஒரு இழுப்பு, அதோடு விட வேண்டும்.

பெண்டோடு கூடவே வரும் தொல்லை, பக்கத்துக் கம்பிச் சத்தம். மூன்றாம் கம்பி மேலே போகும்போது நாலாம் கம்பியில் மோதும். அது விரல்நுனிக்கு அடியில் சிக்கினால், பெண்டை இறக்கும்போது விடுபட்டு 'டொய்ங்' என்று தனியாக ஒலிக்கும். விரல்நுனி நாலாம் கம்பியின் பக்கவாட்டில் முட்டி அதையும் சேர்த்துத் தள்ள வேண்டும், அதன் அடியில் நுழையக்கூடாது. கனமான கம்பிகளை வலது உள்ளங்கையின் ஓரம் பிரிட்ஜ் பக்கத்தில் தொட்டு அடக்கும். மெல்லிய இரண்டு கம்பிகளை ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி படுத்துக்கொண்டு அடக்கும். ஆம்பில் கெய்ன் (ஒலியைக் கரகரப்பாக்கும் அளவு) ஏற்றாமல் பழகினால் இந்தச் சத்தம் தெரியாது, ஏற்றியதும் மொத்தமும் வெளியே வரும். அதனால் வாரத்தில் ஒருநாளாவது கெய்னோடு பழகுங்கள்.

கையின் வேலை இதோடு சரி, அடுத்தது தாளம். பன்னிரண்டு பார் என்பது 12 x 4 = 48 தட்டு. ஆதி தாளம் 8 அட்சரம். ஆக ஒரு முழுச் சுற்று ஆறு ஆவர்த்தனம். பாரை எண்ணி எண்ணித் தொலைப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. லகுவில் (முதல் நான்கு அட்சரம்) ஒரு பார், இரண்டு திருதத்திலும் (இரண்டிரண்டு அட்சரம்) சேர்ந்து அடுத்த பார்:

முதல் ஆவர்த்தனம்: ஏ7, ஏ7
இரண்டாவது: ஏ7, ஏ7
மூன்றாவது: டி7, டி7
நாலாவது: ஏ7, ஏ7
ஐந்தாவது: லகுவில் ஈ7, திருதங்களில் டி7
ஆறாவது: லகுவில் ஏ7, திருதங்களில் ஈ7

கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, பேக்கிங் ட்ராக்கை ஓடவிட்டு, தொடையில் தாளம் போட்டபடி ஒவ்வொரு கார்டின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 60 தட்டு என்றால் ஒரு சுற்று 48 நொடி, 72 என்றால் 40 நொடி. நடை திஸ்ரம். ஒவ்வொரு தட்டுக்குள்ளும் 'தகிட' ஓட வேண்டும், வாசிப்பது பெரும்பாலும் 'த'விலும் 'ட'விலும், 'கி' மௌனம். சதுஸ்ர நடையில் 'தகதிமி'யாகச் சமமாகப் பிரித்து வாசித்தால் சுரம் அத்தனையும் சரியாக இருந்தும் ஷஃபிள் (ப்ளூஸின் துள்ளல் நடை) வராது.

ட்ராக் தேடும்போது கவனம் தேவை. ஸ்கேலின் பெயரில் 'மைனர்' இருக்கிறதே என்று 'ஏ மைனர் ப்ளூஸ்' தேடினால் மைனர் கார்டுகள் கொண்ட ட்ராக் வரும். அது வேறு நிறம், சி-க்கும் சி ஷார்ப்புக்கும் உள்ள இழுபறி அதில் கிடையாது. நமக்கு வேண்டியது ஏ7, டி7, ஈ7 வரும் மேஜர் வகை. சில ட்ராக்குகளில் இரண்டாவது பாரே டி7-க்குப் போய்த் திரும்பும், முதல் ஆவர்த்தனத்தின் திருதங்களில் டி7 கேட்டால் இது அந்த வகை. இன்னும் சில ட்ராக்குகள் அரை சுரம் இறக்கி ஈ ஃப்ளாட் ட்யூனிங்கில் இருக்கும். சுருதி சேரவில்லையே என்று பெண்டைக் குறை சொல்லும் முன் ட்ராக்கின் சுருதியைப் பார்த்துவிடுங்கள்.

தாளம் பிடிபட்டால் எங்கே இறங்குவது என்பது பாதி தீர்ந்த மாதிரி. ஏ7-இல் ஏ, ஈ, ஜி மூன்றும் நிற்கும். டி7-இல் டி, ஏ, சி. அங்கே சி-யை இழுக்காமல் நேராகவே வாசிக்கலாம், டி7-இன் சொந்தச் சுரம் அது. மூன்றாவது ஆவர்த்தனம் தொடங்கும் தட்டில் அந்த சி-யில் போய் நின்று பாருங்கள், கார்டு மாறியது கேட்பவருக்கு உங்கள் கம்பியிலேயே தெரியும். ஈ7-இல் ஈ, டி இரண்டும் பத்திரம். அங்கே ஜி கொஞ்சம் உரசும், நீட்டாமல் விட்டால் அழகு. முதலில் சொன்ன அந்தப் பெண்ட் ஐந்தாவது ஆவர்த்தனத்தின் சமத்துக்கானது (முதல் தட்டு): நாலாவது ஆவர்த்தனத்தின் கடைசித் தட்டில் டி-யை அடித்து இழுக்கத் தொடங்கினால், சமத்தில் ஈ வந்து நிற்கும்.

ஓயாமல் வாசிப்பதை நிறுத்த ஒரு கட்டுப்பாடு உதவும். ஒற்றைப்படை ஆவர்த்தனத்தில் வாசிப்பு, இரட்டைப்படையில் மௌனம். ப்ளூஸ் பாட்டு அமைப்பே இதுதான்: மூன்று வரி, ஒவ்வொரு வரிக்கும் நான்கு பார், அதில் முதல் இரண்டு பாரில் குரல், அடுத்த இரண்டில் கருவியின் பதில். போனில் பதிவு செய்து கேட்டால் மௌனமான ஆவர்த்தனத்துக்குள் எந்தச் சுரம் வழிந்து போகிறது என்பது தெரியும். பெரும்பாலும் அது அடக்காமல் விட்ட கம்பியாக இருக்கும்.

பதிவில் இரைச்சல் கேட்டால் கிட்டாரைச் சந்தேகிக்கும் முன் ஃபேன் ரெகுலேட்டரை முழு வேகத்துக்குத் திருப்பிப் பாருங்கள். சிங்கிள் காயில் பிக்கப்புக்கு (கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் ஒற்றைச் சுருள்) எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் பெரிய எதிரி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 100, ஜி-யின் 98 ஹெர்ட்ஸுக்கு ரொம்பப் பக்கம். அதனால் மெல்லிய ஹம் ஏ ப்ளூஸுக்குள் ஒரு நிஷாதம் போல ஒளிந்துகொள்ளும், மௌன ஆவர்த்தனத்தில்தான் காட்டிக்கொடுக்கும். பழைய வீடுகளில் எர்த் இல்லாத ப்ளக் பாயிண்டும் காரணமாகலாம். அதை எலெக்ட்ரீஷியனை வைத்துச் சரிசெய்துவிட்டுத்தான் ஆம்பைச் சொருக வேண்டும், கம்பியில் கை வைக்கும் வேலை இது. கேபிள் கரகரத்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் நல்ல 6.35 மி.மீ. ஜாக் வாங்கிப் பற்றவைத்துக்கொள்ளலாம்.

வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். சென்னையின் வியர்வையும் கடற்காற்றும் சேர்ந்து கம்பியைச் சீக்கிரம் சொரசொரப்பாக்கும். அந்தக் கம்பியில் பெண்ட் பண்ணினால் விரல் தோல் உரியும், சுருதியும் சீராக ஏறாது. திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் இருப்பவர்கள் கம்பி மாற்ற இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே செலவை ஒதுக்கி வைக்க வேண்டும்.

மறுபடி முதலிலிருந்து தொடங்குவதானால் மாற்ற வேண்டியது வரிசையைத்தான். வேகப் பயிற்சி முழுக்கப் பின்னால் போகும். வடிவம் தெரிந்த மறுநாளே அரை பெண்ட், அதோடு கிட்டார் இல்லாமல் ஆறு ஆவர்த்தனத் தாளம். ஆறு கம்பி வடிவத்துக்கு முன்பாக மெல்லிய மூன்று கம்பியில் மட்டும் ஒரு முழுச் சுற்று வாசிக்கப் பழகலாம். 60-இல் சுத்தமாக வராத சொற்றொடர் 90-இல் வராது, வந்தது போலத் தோன்றுவது கெய்னின் தயவு.

அடுத்த இடம் 10-வது ஃப்ரெட். பி.பி. கிங்கின் பெயரால் வழங்கும் சின்னக் கட்டம் அங்கே இருக்கிறது: இரண்டாம் கம்பி 10-இல் ஏ, 13-இல் சி, முதல் கம்பி 10-இல் டி, 12-இல் ஈ. மூன்றாம் கம்பியில் 7-இலிருந்து 9-க்கு மோதிர விரலைச் சறுக்கினால் டி-யிலிருந்து ஈ-க்கு வந்து இந்தக் கட்டத்தின் வாசலில் நிற்கலாம். முதல் கம்பி 10-வது ஃப்ரெட்டில் டி-யை ஈ-க்கு இழுக்கும்போது ஒலி திடீரென்று அடைத்துப் போனால் விரலில் குறையில்லை. ஃப்ரெட்போர்டின் வளைவால் கம்பி மேலே உள்ள ஃப்ரெட் ஒன்றில் இடித்து நிற்கிறது. முதல் கம்பியின் சேடிலை 0.4 மி.மீ. ஏற்றி, 12-வது ஃப்ரெட்டில் 1.8 மி.மீ. வைத்து மறுபடி இழுத்துப் பாருங்கள்.